புல்லட்: செய்தோரும் செப்பனிட்டோரும்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால் விடை கூறப் பலர் முன்வருவர். குளக்கோட்டு மன்னன் என்பது தமிழ் மரபு. கோணேசர் கல்வெட்டு அவ்வாறே சொல்லும். ஏழாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். வழக்கு எவ்வாறு தீர்ந்தாலும் கட்டியவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் மாரிக்கு முன்னர் அணைக்கட்டின் மேல் நடந்து, மண் சரிந்த இடத்தை அடைத்து, மரம் வேர்விட்ட இடத்தைத் தோண்டி, மதகின் கசிவைப் பார்த்துவந்தவர்களுக்குப் பெயர் இல்லை. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் அந்த அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றுதான் அணையைப் பேணுதல் என்பதும் ஒரு தொழில் என்பதைப் பலர் எண்ணிப் பார்த்தனர்.

இயந்திரங்களின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி இயந்திரம் என்றால் ஜேம்ஸ் வாற்றின் பெயர் வரும். மோட்டார் வண்டி என்றால் கார்ல் பென்ஸின் பெயர் வரும். அவர்கள் செய்தவற்றை மழையிலும் புழுதியிலும் ஓட்டி, பழுதானபோது பிரித்து, மீண்டும் பூட்டி, தம் பிள்ளைகளின் காலம்வரை ஓடச்செய்தவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. இக்குறையை உணர்த்துவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது புல்லட் என்னும் மோட்டார் சைக்கிள்.

புல்லட் பெருவண்டியும் அன்று, சிறுவண்டியும் அன்று. அதன் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீற்றர். கொள்ளளவு 346 கன சென்ரிமீற்றர். இருவரையும் ஒரு மூட்டை நெல்லையும் சுமந்து செல்லக்கூடிய நடுத்தர வண்டி. இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள றெடிச் என்னும் நகரம். அந்நகரம் முதலில் ஊசிக்குப் பேர்போனது. உலகின் பல நாடுகளில் தையற்காரர் கையிலிருந்த ஊசி அங்கே செய்யப்பட்டதே. ஊசி செய்துகொண்டிருந்த ஒரு தொழிலகம் காலப்போக்கில் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1890களில், என்ஃபீல்ட் என்னும் இடத்திலிருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. அந்தப் பெருமையைத் தன் பெயரிலேயே சூட்டிக்கொண்டு றோயல் என்ஃபீல்ட் ஆயிற்று. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது அதன் விளம்பர வாசகம். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. புல்லட் என்னும் பெயர் 1932இல் ஒலித்தது. துப்பாக்கி என்ற பின்னர் குண்டு வராமற் போகுமா?

இன்று நாம் அறிந்த புல்லட் உருப்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கே போகும். 1948இல் றெடிச்சார் பின்சக்கரத்தை ஊசலாடும் கை ஒன்றில் பொருத்தி, எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகளால் தாங்கினர். பந்தய ஓட்டுநர் பலர் அதைக் கண்டு நகைத்தனர். அதே ஆண்டு இத்தாலியில் நடைபெற்ற அனைத்துலக ஆறுநாட் போட்டியில் அவ்வண்டிகள் தங்கப் பதக்கம் பெற்றதும் நகைப்பு அடங்கியது. கல்லும் குழியுமான வழிக்கு ஏற்றது என்ற பெயர் அன்றிலிருந்து அதற்கு நிலைத்தது.

அப்படிப்பட்ட வழிகள் இந்தியாவில் நிறைய இருந்தன. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி ஒன்றை இந்திய இராணுவம் 1950களின் தொடக்கத்தில் தேடியது. தேர்ந்தெடுக்கப்பட்டது 350 புல்லட். மதராஸ் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் நூற்றுக்கணக்கான வண்டிகளை றெடிச்சிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. எத்தனை நாளைக்குக் கப்பலை நம்பியிருப்பது? 1955இல் என்ஃபீல்ட் இந்தியா என்னும் கூட்டு நிறுவனம் உருவாயிற்று. மறு ஆண்டு சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் பெட்டிகளில் வந்த உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டும் வேலைதான் அங்கே நடந்தது. 1956 முடிவதற்குள் 163 வண்டிகள் பூட்டப்பட்டன. 1957இல் உறுப்புகளை வார்க்கவும் கடையவும் வேண்டிய கருவிகளே வந்து சேர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே ஆக்கப்பட்டது.

திருவொற்றியூர் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது கடற்கரையோரம் உள்ள பட்டினத்தார் சமாதி. காதற்ற ஊசி ஒன்றைக் கண்டு உலகையே துறந்தவர் அவர் என்பது கதை. ஊசி செய்த ஊரில் பிறந்த இயந்திரம், ஊசியால் துறவு பூண்டவர் அடங்கிய ஊரில் வந்து குடியேறியது ஒரு விநோதமே. இயந்திரத்துக்குத் துறவு வரவில்லை. பிறந்த ஊருக்குத்தான் வந்தது. ஜப்பானிய வண்டிகளின் போட்டியைத் தாங்காமல் றெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. எஞ்சியிருந்த ஆங்கிலத் தயாரிப்பும் 1970இல் நின்றது. திருவொற்றியூரோ செய்துகொண்டே இருந்தது. 1977இல் அங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயிற்று. தாய்வீட்டில் அடுப்பு அணைந்த பின்னர் மகள் வீட்டிலிருந்து சோறு போனதைப் போன்றது அது.

இவ்வளவும் செய்தோர் வரலாறு, நூல்களில் கிடைக்கும். இதற்கு அப்பால் ஒரு வினா உண்டு. 1950களின் வடிவமைப்பு, பெரிய மாற்றம் இன்றி அரைநூற்றாண்டு எவ்வாறு நிலைத்தது? இந்தியாவில் நிலவிய உரிம முறையில் போட்டி குறைவு, வாங்குவோர் காத்திருந்தனர், ஆகவே மாற்ற வேண்டிய தேவை எழவில்லை என்று பொருளியலார் கூறுவர். அது மெய்யே. ஆயினும் விற்கப்பட்ட வண்டி ஒவ்வொன்றும் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு ஓடியதற்கு உரிம முறை காரணம் ஆகாது. அதற்குக் காரணம் வீட்டு முற்றம்.

புல்லட் வாங்கியவர் ஒரு வண்டியை மட்டும் வாங்கவில்லை. ஒரு படிப்பையும் சேர்த்து வாங்கினார். முதற்பாடம் அதனை உயிர்ப்பிப்பது. விளக்கின் மேல் மின்னோட்டமானி ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பி, உதைகோலை மெல்ல அழுத்திக்கொண்டே போனால், அதன் முள் ஒருபுறம் சாய்ந்திருந்து ஒரு கட்டத்தில் நடுவுக்குத் திரும்பும். இதன் காரணம் எளிது. பொறி உண்டாக்கும் சுருளுக்கு மின்சாரம் இரு சிறு உலோக முனைகளின் வழியே செல்கின்றது. முனைகள் ஒட்டியிருக்கும்போது மின்சாரம் பாயும், முள் சாயும். முனைகள் பிரிந்ததும் பாய்வது நிற்கும், முள் நடுவுக்கு வரும். முனைகள் பிரிவதோ, பிஸ்டன் காற்றையும் பெற்றோல் ஆவியையும் அமுக்கிக்கொண்டு உச்சியை நெருங்கும் வேளையில். ஆகவே முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் உச்சிக்கருகில் நிற்கின்றது என்று பொருள். அப்போது இடக்கைப் பக்கத்துச் சிறு நெம்புகோலை இழுத்தால் அமுக்கம் வெளியேறும். பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ளி, நெம்புகோலை விட்டு, உதைகோலை மேலே வரவிட்டு, ஒரே உதை. வலிமை வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். மெலிந்த உடலினரான ஆசிரியர்களும் எழுத்தர்களும் முதல் உதையில் புறப்பட்டுப் போனதும், தோள்வலிமை நம்பியவர்கள் கணுக்காலில் எதிரடி வாங்கியதும் இதனாலேயே. இயந்திரத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதை ஒரு முள்ளின் அசைவால் உணர்வது, பௌதிக வகுப்பில் ஓர் ஆண்டு படிப்பதற்கு ஒப்பானது எனலாம்.

அந்த இரு முனைகளே அடுத்த பாடம். பொறி பாயப் பாய அவை கரியேறிக் குழிவிழும். சிறிய அரத்தால் அல்லது மென்மையான மணற்றாளால் துலக்கி, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றருக்கு வைக்க வேண்டும். அளவு காட்டும் தகடு இல்லாதோர் தம் அனுபவத்தில் கண்ட ஏதோ ஒரு தகட்டைக் கொண்டு காரியம் பார்த்தனர். முனைகள் பிரியும் கணத்தை அறிவதற்குச் சிகரெட் தாள் ஒன்றை அவற்றின் நடுவே வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே சக்கரத்தைச் சுழற்றுவர். தாள் விடுபடும் கணமே பொறி பிறக்கும் கணம். புகைக்கும் பழக்கம் அறவே இல்லாத வீடுகளிலும் கருவிப்பெட்டிக்குள் சிகரெட் தாள் கிடந்த காரணம் இதுதான்.

வால்வுகளைச் சரிசெய்யும் முறை இன்னும் நயமானது. சிலிண்டரின் வலப்பக்கத்தில் ஒற்றை மரை இறுக்கிய சிறு மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றினால் வால்வுகளைத் தள்ளும் இரு கோல்களின் அடிப்பாகம் தெரியும். இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் அமுக்க உச்சியில் நிற்க வேண்டும். பின்னர் இரு விரல்களால் கோலைப் பிடித்துச் சுழற்றிப் பார்ப்பது. தடையின்றிச் சுழல வேண்டும்; மேலும் கீழும் அசையக்கூடாது. சுழல மறுத்தால் வால்வு முழுதும் மூடவில்லை என்று பொருள். அமுக்கம் கசியும், நாளடைவில் புகைவழி வால்வு எரிந்துபோகும். அசைந்தால் தட்டல் ஓசை எழும். இங்கே தகடும் வேண்டாம், மானியும் வேண்டாம்; விரல் நுனியின் உணர்வே அளவுகோல். வீணையின் தந்தியை முறுக்குபவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கையால் அறிவதைப் போன்றது இது. தந்தை சுழற்றிப் பார்த்த பின் மகனை அழைத்து, நீயும் பார் என்று விரலை வைக்கச் சொல்வதன்றி, இதனைக் கற்பிக்க வேறு வழி இல்லை.

எண்ணெயைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். புல்லட்டின் வாழ்வும் சாவும் அதில் இருந்தன. வேறு பல வண்டிகளில் எண்ணெய் இயந்திரத்தின் அடியிலே தேங்கி நிற்கும். புல்லட்டிலோ இயந்திர வார்ப்பின் பின்புறத்தில் தனி அறை ஒன்றில் இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான எண்ணெய் இருக்கும். இரு சிறு பம்புகளில் ஒன்று அதனைச் சுழல்தண்டுக்கு அனுப்பும். மற்றையது வடிந்ததை மீட்டு அறையிற் சேர்க்கும். சுழல்தண்டையும் பிஸ்டன் கோலையும் இணைக்கும் மூட்டில், உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் வளையம் ஒன்று இருந்தது. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பதால் அப்பெயர். எண்ணெய் தூய்மையாகவும் போதியதாகவும் இருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். இல்லையேல் அரைத்துத் தேய்ந்து தட்டத் தொடங்கும். ஆதலால் எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதும், கம்பளி வடிகட்டியைப் பெற்றோலில் அலசிப் பார்ப்பதும் சடங்குபோல் நடந்தன. வடிகட்டியில் மினுங்கும் வெண்கலத் துகள் தென்பட்டால் வீட்டுக்காரரின் முகம் வாடும். உள்ளே வளையம் தேய்கின்றது. இயந்திரத்தை முழுதும் பிரிக்கும் நாள் நெருங்கிவிட்டது.

அந்த முழுப் பிரிப்பு வீட்டு முற்றத்தின் எல்லை. அதற்குப் பட்டறை வேண்டும்; அழுத்தும் பொறி வேண்டும்; கடைசல்காரரின் கை வேண்டும். ஆயினும் தலைப்பாகத்தைக் கழற்றி, படிந்த கரியைச் சுரண்டி, வால்வுகளை அரைபசை இட்டுத் தேய்த்துப் படியவைத்து மூடும் அளவுக்கு வீட்டிலேயே தேர்ந்தவர்கள் பலர். பழைய சாக்கு ஒன்று விரிக்கப்படும். கழற்றிய மரைகள் கழற்றிய ஒழுங்கிலே தட்டுகளில் வைக்கப்படும். அவை பெரும்பாலும் சமையலறையிலிருந்து கேளாமல் எடுக்கப்பட்ட தட்டுகள் என்பதையும் வரலாறு மறைக்கக்கூடாது. இந்தியா மெற்றிக் அளவுக்கு மாறிய பின்னரும் வண்டியின் பல மரைகள் பழைய ஆங்கில அங்குல முறையிலேயே தொடர்ந்தன. ஆதலால் கடையில் வாங்கிய புதிய ஸ்பானர் சரியாகப் பொருந்தாது மரையின் முனைகளை மழுங்கடிக்கும். எண்ணெய்ப் பம்புகளை ஓட்டும் திருகுமரை ஒன்று இடஞ்சுழியாகக் கழற்றப்பட வேண்டியது அன்று. எதிர்ப்புறமாகச் சுழற்ற வேண்டியது. அறியாதவர் வழக்கம்போல் பலங்கொண்டு திருகி உடைத்தனர். அறிந்தவர் அருகிருந்து சொன்னால் உடையாது. புல்லட் வைத்திருந்தோரிடையே வேற்றுமை பாராத நட்பு வளர்ந்ததற்கு இத்தகைய மரைகளும் ஒரு காரணம். வழியில் நின்றுபோன புல்லட்டைக் கண்டால் மற்றொரு புல்லட் நிற்காமற் போகாது என்பது ஊர்ப்பேச்சு.

இவ்விடத்தில் உண்மை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தேர்ச்சியெல்லாம் முழுதும் விருப்பத்தால் வந்ததன்று. வார்ப்புகள் செம்மையாக அமையவில்லை. இணைப்பு முகங்கள் ஒன்றோடொன்று படியவில்லை. புதிய வண்டியே எண்ணெய் கசிந்தது. கசியும் எண்ணெய்க்காக வண்டியின் அடியில் தகரத் தட்டு வைப்பது வழக்கமாயிற்று. வாங்கும் ஒருவருக்குப் பத்துப்பேர் காத்திருக்கும் சந்தையில், தொழிற்சாலை செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதி வாங்கியவரின் முற்றத்துக்குத் தள்ளப்பட்டது என்று கூறினும் தவறாகாது. அதனைப் பெருமையாக மட்டும் பாடுவோர், ஓய்வு நாள் முழுதும் வண்டியின் அடியிற் கிடந்தவரின் மனைவியிடமும் ஒரு சொல் கேட்டுப் பாடுவது நன்று. ஆனால் குறையிலிருந்து பிறந்த கல்வியும் கல்வியே. எல்லா உறுப்பும் திறந்து பார்க்கக்கூடியதாய், எல்லாப் பிழையும் கையால் திருத்தக்கூடியதாய் இருந்தமையாலேயே குறைபட்ட வண்டி குப்பைக்குப் போகவில்லை. இரண்டையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

நிறுக்கும் காலமும் வந்தது. 1980களில் ஜப்பானியக் கூட்டுறவோடு இலேசான, சிக்கனமான வண்டிகள் இந்தியச் சந்தையில் இறங்கின. அவை உதைத்தவுடன் புறப்பட்டன, எண்ணெய் கசியவில்லை. புல்லட்டின் விற்பனை தேய்ந்தது. 1990இல் ஐஷர் குழுமம் பங்குதாரராக நுழைந்து, 1994இல் நிறுவனத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டளவில் இத்தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட ஆலோசிக்கப்பட்டது. விடவில்லை. ஆஸ்திரிய நாட்டு நிறுவனமான ஏ.வி.எல்.லின் உதவியுடன் முதலில் இயந்திரம் திருத்தப்பட்டது. பின்னர், 2008, 2009ஆம் ஆண்டுகளில், இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒரே வார்ப்பாக அமைந்த புத்தியந்திரம் வந்தது. வலக்காலால் மாற்றிய கியர் இடக்காலுக்கு வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாத பழைய இரும்புச் சிலிண்டர் இயந்திரம் 2010 அளவில் ஓய்வு பெற்றது. 2013இல் ஒரகடத்தில் புதிய பெருந்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

புத்தியந்திரத்தில் வால்வின் இடைவெளியை எண்ணெய் அழுத்தமே தானாகச் சரிசெய்கின்றது. விரலுக்கு வேலை இல்லை. பொறியின் காலத்தை மின்னணுப் பெட்டி கணிக்கின்றது; சிகரெட் தாளுக்கும் முள்ளுக்கும் வேலை இல்லை. வண்டி நல்ல வண்டி, முன்னையதிலும் நம்பத்தக்கது. அந்தப் பெட்டி பழுதானால் திறப்பதற்கு அதிலே மரை இல்லை. பெட்டியையே மாற்ற வேண்டும். இதனை இழப்பு என்று முதியோரும் விடுதலை என்று இளையோரும் கூறுவதைக் கேட்கலாம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பழைய இரும்பு இயந்திரத்தைக் கைவிடாதோர் இன்றும் உளர். நெடுங்காலம் உறுப்புகளின் அளவு பெரிதும் மாறாதிருந்தமையால், தந்தையின் வண்டிக்கு மகன் உதிரிப்பாகம் தேடுவது பிற வண்டிகளைப்போல் அரிதாய் இல்லை.

இனி இலங்கையை நோக்கலாம். இங்கே புல்லட் பெருகவில்லை; ஆனால் புல்லட் கற்பித்த பாடத்தை வேறு வண்டிகள் வாயிலாக, அதனினும் கடுமையாகக் கற்க நேர்ந்தது. 1960களிலும், அதைவிட இறுக்கமாக 1970 முதல் 1977 வரையிலும் அந்நியச் செலாவணிப் பஞ்சத்தால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஆங்கிலேயர் காலத்து பி.எஸ்.ஏ.யும் டிரயம்பும் வைத்திருந்தோர்க்கு உதிரிப்பாகம் கிட்டவில்லை. தேய்ந்த வளையத்துக்குப் பதிலாக வெண்கலத் துண்டைக் கடைந்து கொடுத்த கடைசற் பட்டறைகளே அவ்வண்டிகளை வாழவைத்தன. 1977இல் சந்தை திறந்ததும் ஜப்பானிய வண்டிகள் வந்தன. கந்தளாயின் வயற்பாதைகளிலும் அவையே பெருகின. மாடு கட்டிய கொட்டிலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குச் செல்லும் பொருள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் அதில் அடங்கின. மின்சாரமும் நின்றது. வானொலி நேயர்களுக்கு இது மறக்கக்கூடியதன்று. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தைக் கொண்டே யாழ்ப்பாணத்து வீடுகளில் செய்தி கேட்டனர். ஒருவர் சுற்ற, வீடும் அயலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.

அதே காலத்தில் ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125 போன்ற வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு வெப்பம் வேண்டும். ஆகவே, எங்கிருந்தோ கிடைத்த சிறிதளவு பெற்றோலைச் சிறு குப்பி ஒன்றில் வைத்துக்கொண்டு, அதிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீச்சி உதைப்பர். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் பொறுப்பேற்கும். வழியில் நெடுநேரம் நின்று இயந்திரம் ஆறிவிட்டால் மீண்டும் துளிகள் வேண்டும். ஆதலால் நின்று பேச விரும்பியோர் வண்டியை நிறுத்தாமலே பேசினர். பின்னால் வெண்புகை தொடர்ந்தது. அவ்வாறு ஓடுவது இயந்திரத்துக்கு நஞ்சு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி வடிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கிலும் வால்விலும் கரி அப்பும். எனவே பிளக்கைக் கழற்றித் துலக்குவது நாளாந்தக் கடமையாயிற்று. தலைப்பாகத்தைத் திறந்து கரி சுரண்டுவது மீண்டும் மீண்டும் வந்த வேலையாயிற்று. வைத்தியரைத் தேடியும், பிரசவ வேதனையில் இருந்தவரை ஏற்றியும், இடம்பெயர்ந்த முதியோரைச் சுமந்தும் போன வண்டிகள் அவை. வாகனம் நின்றால் உயிர் நிற்கக்கூடும் என்ற நிலையில், பிளக் துலக்கத் தெரிந்த கை பொழுதுபோக்காளன் கை அன்று. தாழ்ந்த அமுக்கமும் எளிய அமைப்பும் கொண்ட பழைய இயந்திரங்கள் இக்கொடுமையைத் தாங்கின. இன்றைய நுண்பொறிகள் தாங்குமா என்பது ஐயமே.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஐந்து ஆண்டுகளில், எறிந்துவிடலாம் என்று கொட்டிலின் மூலையில் சாத்தப்பட்டிருந்த வண்டிகள் வெளியே இழுக்கப்பட்டன. காபரேற்றரின் அடியிற் படிந்த பசை கழுவப்பட்டது. துருவேறிய தாங்கிக்குள் சிறு கற்களை இட்டுக் குலுக்கி அலசினர். காய்ந்து வெடித்த இறப்பர்க் குழாய்கள் மாற்றப்பட்டன. பழைய கராச்சுகளில் இரும்புப் பெட்டிகளின் அடியிலிருந்து, எந்த வண்டிக்கு உரியதென்று மறந்துபோன வளையங்களும் மரைகளும் வெளிவந்தன. அவற்றைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, இது இன்ன வண்டியின் இன்ன இடத்துக்கு உரியது என்று சொல்லக்கூடியவர் அவ்வூரில் ஒருவரோ இருவரோ இருந்தனர். பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். பள்ளி விடுமுறையில் அவர்கள் அருகே குந்தியிருந்து ஸ்பானர் எடுத்துக்கொடுத்த சிறுவர்கள், எந்த எண் ஸ்பானர் என்று கேளாமலே கொடுக்கப் பழகிக்கொண்டனர்.